கடற்கரைத் தெருவில் பூனை: அக்கம்பக்கம் முகம் சுளிக்காமல் வளர்க்க முழு வழிகாட்டி

மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்தாலும் மீனவர் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் ஓலை வேலிதான். கீழக்கரைச் சந்துகளில் அதுவும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும்; மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி பூனை நடந்தே போய்விடும். ஒரு வீட்டில் சாப்பிடும் பூனை பத்து வீட்டில் புழங்கும் என்பதுதான் இங்கே கணக்கு.

சண்டை வருவது நான்கு விஷயத்தில்: காயப்போட்ட கருவாடு, முற்றத்து மணலில் கிடக்கும் பூனைக் கழிவு, ராத்திரிச் சத்தம், வலையில் அடித்த மூத்திரம். நான்குக்கும் வழி உண்டு. ஆனால் புதிதாக வளர்ப்பவர்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பூனையைத் திறந்து விடுவது, புகார் வந்த பிறகு மணல் தட்டு வைப்பது, குட்டி போட்ட பிறகு கருத்தடை பற்றி விசாரிப்பது. அதற்குள் பூனைக்குத் தெரு பழகிவிடும். படிந்த பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இந்த வரிசையில் வாசலைத் திறப்பது எட்டாவது படி. வளர்ந்த பூனை என்றால் அங்கே போய்ச் சேர ஆறு வாரமாவது பிடிக்கும். குட்டி என்றால் அதற்கு ஐந்து மாதம் ஆகும் வரை பொறுங்கள்.

1. பூனை வருமுன் தெருவை ஒரு சுற்று பாருங்கள்

உங்கள் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் மும்மூன்று வீடு போதும். யார் கருவாடு போடுகிறார்கள், எந்த நேரத்துக்குப் பரப்பி எப்போது அள்ளுகிறார்கள், யார் வீட்டுத் திண்ணையில் வலை கிடக்கிறது, எங்கே கோழிக்குஞ்சு மேய்கிறது, யார் எலி மருந்து வைக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

எலி மருந்தைக் கேட்பது பலருக்கும் தோன்றாது. மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். அந்த எலியைத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். மருந்து வைக்கும் அன்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், அன்று முதல் சில நாள் பூனையை அடைத்து வைக்கலாம்.

பக்கத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதையும் மனதில் வையுங்கள். பூனைக் கழிவு வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். கழிவு வெளியே வந்தவுடன் அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் தட்டைச் சுத்தம் செய்யச் சொல்வதன் காரணம் இதுதான். "பூனை வளர்த்தா பிள்ளைக்கு ஆகாது" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

விடிகாலையில் கடலுக்குக் கிளம்பும்போது பூனை குறுக்கே வந்தால் மனசு சங்கடப்படுபவர்களும் உண்டு. நம்பிக்கை சரியா தவறா என்று வாதாடி எந்தப் பயனும் இல்லை. அவர்கள் கிளம்பும் நேரம் வரை பூனையை உள்ளே வைத்தால் விஷயம் முடிந்தது.

2. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

கொத்தனார் வேலைக்கு விற்கும் அகலமான பிளாஸ்டிக் சட்டி இரண்டு. மணல் சலிக்கும் சல்லடை ஒன்று, கரண்டி ஒன்று. மூடி உள்ள வாளி. சவுக்குக் கம்பு ஏழெட்டு. தேங்காய்நார்க் கயிறு 20 மீட்டர். தடித்த நூல் மடிவலைத் துண்டு, இது கரையில் கிழிசலாகவே கிடைக்கும். இழுத்தால் விட்டுக்கொடுக்கும் கழுத்துப்பட்டை. பூனையைத் தூக்கிப்போக ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் கூடை.

கூடைகளை வாயோடு வாய் கவிழ்த்து நான்கு இடத்தில் கயிறு கட்டினால் பஸ்ஸில் கொண்டுபோகக் கூண்டு தயார். சாக்குப் பையில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். பங்குனி வெயிலில் அரைமணி நேரத்தில் மூச்சு முட்டிவிடும்.

3. மணல் தட்டு: இடமும் காற்றும்

ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. ஒரு தட்டு அழுக்காக இருந்தால் பூனை அடுத்த தட்டைத் தேடும். அது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு முற்றம்தான் அடுத்த தட்டு.

சட்டி 40 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். அதில் 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மணல். குட்டிக்கு ஒரு பக்க விளிம்பை 8 செ.மீ. உயரமாக வெட்டிக் கொடுங்கள்.

அலை தொடும் மணலை அள்ளி வருவது இங்கே எல்லாரும் செய்யும் தவறு. அந்த மணலில் உப்பு இருக்கிறது; உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மணல் காயவே காயாது, இரண்டாம் நாளே நாற்றம் எடுக்கும். உங்கள் முற்றத்தில் மழை பட்டு உப்பு கழுவப்பட்ட மேட்டு மணலை எடுத்துச் சலித்து, ஒரு பகல் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் மணல். பூனை பழகியபின் இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு உலர்ந்த தேங்காய்நார்த் தூள் கலந்தால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எம்-சாண்ட் வேண்டாம். முனை கூர்மை, தூசியும் அதிகம்.

நாற்றம் போக அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார்கள். நாற்றம் கூடத்தான் செய்யும். சாம்பல் காரத்தன்மை உள்ளது. மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவை அது கிளப்பிவிடும். சுண்ணாம்பும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். மூத்திரத்தோடு சேர்ந்தால் கண்ணும் நெஞ்சும் எரியும் வாயு வரும். பினாயில் பூனைக்கே விஷம், பாதத்தில் பட்டதை நக்கி உள்ளே கொண்டுபோய்விடும். தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தால் போதும்.

காலை, மாலை இரண்டு வேளையும் கழிவை அள்ளுங்கள். வாரம் ஒருமுறை மணல் முழுவதையும் மாற்றுங்கள்.

தட்டு வைக்கும் இடம் ஆண்டில் இருமுறை மாறவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் மேல்காற்றும் தெற்கத்திக் காற்றும் அடிக்கும். அப்போது தட்டைத் தெற்கு, மேற்குப் பக்கம் வைத்தால் நாற்றம் உங்கள் வீட்டைத் தாண்டி வடக்கு, கிழக்கு வீட்டுக்காரர் அடுப்படிக்குப் போகும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று கிளம்பினால் கதை தலைகீழ், நாற்றம் தெற்கு, மேற்கு வீட்டுப் பக்கம் போகும். எந்தப் பருவத்திலும் தட்டிலிருந்து வரும் காற்று திறந்த வெளிக்கோ உங்கள் சுவருக்கோ போகும்படி பாருங்கள். சந்தேகம் என்றால் தட்டு இருக்கும் இடத்தில் ஊதுவத்தி ஏற்றிப் புகை எந்த ஜன்னலுக்குப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

அள்ளிய கழிவை முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். குடிதண்ணீருக்காகத் தோண்டிய ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மணல் பூமியில் மழை பெய்தால் மேலே உள்ளது நேரே கீழே இறங்கும். ஊர் ஊற்றுக்குப் பக்கத்தில் பூனைக் கழிவைப் புதைத்தவர் என்ற பெயர் ஒருமுறை வந்தால் போகாது. கடலில் கொட்டுவதும் வேண்டாம்.

4. சாப்பாடு: என்ன, எப்போது

மீன் ஊரில் பூனைக்குச் சாப்பாடு பிரச்சினையா என்று கேட்பார்கள். பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

நெத்திலி, சாளை போன்ற மீன்களைப் பச்சையாகத் தினமும் போட்டால் அவற்றிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதி பூனையின் உடம்பில் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நாளடைவில் பூனை தலை தொங்கி, தள்ளாடி நடக்கும். கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

வேகவைத்தாலும் மீன் மட்டுமே போதாது. கொழுப்பு மீனையே ஆண்டு முழுக்கத் தின்ற பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கும், தொட்டாலே கத்தும். 4 கிலோ பூனைக்குக் காலையில் கடைத் தீவனம் 25 முதல் 30 கிராம், மாலையில் வெந்த மீன் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள் மீனுக்குப் பதில் கோழிக்கறி. கருவாட்டுத் தலை வேண்டாம், உப்பு தாங்காது.

பேத்தை மீன் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். வலையைப் பிரித்துக் கழித்த பேத்தை கரையில் உருண்டு கிடக்கும்; அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது, பூனை சில மணி நேரத்தில் கைகால் விழுந்து சாகும். அதைத் தின்று செத்த பூனையைப் பார்த்து "யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்று தெருவில் கிளம்பும் சந்தேகம் எத்தனையோ வீட்டுப் பேச்சுவார்த்தையை அறுத்திருக்கிறது.

நேரம்தான் அக்கம்பக்கத்துக்கான விஷயம். பக்கத்தில் கருவாடு பரப்பும் நேரத்துக்கு அரைமணி முன்பு சோறு வையுங்கள். ஏழு மணிக்குப் பரப்பினால் ஆறரைக்கு. வயிறு நிறைந்த பூனை இரண்டு மூன்று மணி நேரம் தூங்கும். பசித்த பூனைக்கு நல்ல புத்தி சொல்ல முடியாது.

வைக்கும் முன் தினமும் சோற்றுத் தட்டை ஒரே மாதிரி மூன்று தடவை தட்டுங்கள். இந்தச் சத்தம் எட்டாவது படியில் உதவும். இருபது நிமிடத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். கிடந்தால் தெருப்பூனையும் காக்கையும் வரும், அவை பண்ணுவதற்கும் உங்கள் பூனை மேல்தான் பழி விழும்.

5. ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை

குட்டிக்கு 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி, 3 அல்லது 4 வாரம் கழித்து இரண்டாவது. 12 வாரம் முடிந்ததும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து மூன்று மாத வயது வரை 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஊசி போட்ட சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பூனை யாரையாவது பிறாண்டினாலோ கடித்தாலோ முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும், பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். உங்கள் சீட்டைக் காட்டி "எங்க பூனைக்கு ஊசி போட்டாச்சு, நீங்க போட வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கூடவே போய் வருவது உங்கள் பொறுப்பு.

கருத்தடையை 4 முதல் 5 மாத வயதில் செய்யலாம். "ஒரு ஈத்து குட்டி போடட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. பெட்டைக்கு 4 மாதத்திலேயே பருவம் வரக்கூடும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கத்தும், அதுவும் பச்சைப்பிள்ளை அழுவதுபோல. தெருவிலுள்ள கடுவன் (ஆண் பூனை) எல்லாம் பக்கத்து வீட்டு ஓட்டில் ஏறிச் சண்டை போடும், ஓடு நழுவும். சேர்ந்துவிட்டால் 63 முதல் 65 நாளில் நாலைந்து குட்டி, அநேகமாக யாருடைய வலைக் குவியலிலாவது.

அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பெரும்பாலும் ஆடு, மாடுதான். பூனைக்கு அறுவை எல்லா இடத்திலும் எல்லா நாளும் செய்வதில்லை. முன்னதாகவே நேரில் போய் நாளைக் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் இரவு முதல் சாப்பாடு வைக்கக்கூடாது; குட்டிக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். வீடு வந்தபின் பெட்டையை 10 முதல் 14 நாள் மேலே தாவ விடாதீர்கள்.

கடுவனுக்குக் காயம் சீக்கிரம் ஆறும். ஆனால் உடம்பிலுள்ள சுரப்பு அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் திறந்துவிட்டால் மூத்திரம் பீய்ச்சுவது தொடரும். "ஆபரேஷன் பண்ணியும் பிரயோசனமில்ல" என்று சொல்பவர்கள் அநேகமாக இரண்டாம் வாரமே கதவைத் திறந்தவர்கள்.

உண்ணி, தெள்ளுப்பூச்சிக்குப் பூனைக்கென்று உள்ள சொட்டு மருந்தைத்தான் வாங்க வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொல்லும். காய்ச்சலாக இருக்கிறது என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தாலும் அதே கதிதான். தெள்ளுப்பூச்சி விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். நிழல் மணலில் அது பெருகும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலில் கடித்த தடத்தோடு புகார் வரும்.

6. சுவரிலும் வேலியிலும் வலை கட்டுதல்

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கும் ராத்திரிக்கும் பூனை இருக்க ஓர் அடைப்பு வேண்டும். அதற்கு மிகவும் மலிவான பொருள் பழைய வலை. ஆனால் எந்த வலை என்பதில் பூனையின் உயிர் இருக்கிறது.

தங்கூசி வலை (ஒற்றை நைலான் நரம்பில் பின்னியது) கூடவே கூடாது. நரம்பு மெலிசாக இருப்பதால் பூனைக்குக் கண்ணில் படாது. காலோ கழுத்தோ மாட்டினால் உருள உருள இறுகும். குட்டி என்றால் காலையில் செத்துத்தான் கிடக்கும். தடித்த முறுக்குநூல் மடிவலை, கண் அளவு 2.5 முதல் 3 செ.மீ. உள்ளதாகப் பாருங்கள். இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழையக்கூடாது. கட்டுமுன் அரைநாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவையுங்கள். மீன் வாடை இருந்தால் பூனை கடித்தே ஓட்டை போட்டுவிடும்.

சுவர் 1.5 மீட்டருக்கு மேல் இருந்தால் அதன் உச்சியில் 60 செ.மீ. இடைவெளிக்கு ஒரு சவுக்குக் கம்பைச் சாய்வாகக் கட்டுங்கள். சாய்வு உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், சுமார் 45 பாகை, நீளம் 50 செ.மீ. அதன்மேல் வலையைத் தொய்வாகக் கட்டுங்கள்.

இங்கே எல்லாரும் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று. விறைத்த வலை பூனைக்கு ஏணி. தொய்ந்த வலை காலை வைத்ததும் ஆடும். ஆடுகிற இடத்தில் பூனை ஏறாது, இறங்கிவிடும். இரும்புக் கம்பியும் கட்டுக்கம்பியும் உப்புக் காற்றில் ஓராண்டு தாங்காது. சவுக்கும் நைலான் கயிறும் போதும்.

ஓலை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே விடும் இடைவெளியை மறக்காதீர்கள். ஐந்து பேரில் நால்வர் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அடைப்புக்குள் 80 செ.மீ. உயரச் சவுக்குத் தூண் ஒன்றில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நட்டு வையுங்கள். நகம் தீட்ட இது இருந்தால் அடுத்த வீட்டு பைக் சீட் தப்பும். ஆடாமல் ஊன்ற வேண்டும். ஆடும் தூணைப் பூனை சீந்தாது.

7. பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்குப் பாதுகாப்பு

கருவாடு அவர்களுடையது, பூனை உங்களுடையது. அதனால் பாதுகாப்புச் செலவும் உங்களுடையது. இதில் பேரம் பேசாதீர்கள்.

தரையில் பாய் விரித்துக் காயப்போடுபவர் என்றால் பந்தல் போட்டுத் தருகிறேன் என்று கேளுங்கள். "எங்க பூனைக்காக" என்று ஆரம்பித்தால் மறுக்கக்கூடும். "காக்கா கொத்தாம இருக்கும்க்கா, மணலும் ஒட்டாது" என்று ஆரம்பித்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. அது உண்மையும்கூட. காக்கை கொண்டுபோவதை எடை போட்டுப் பார்த்தால் பூனை ஒன்றுமே இல்லை.

நான்கு சவுக்குக் கால்கள், தரைக்கு மேல் 1 மீட்டர். மேலே சட்டம் கட்டி அதில் சிறுகண் வலையை விரியுங்கள், மீன் பரப்ப அதுவே தளம். காற்று மேலும் கீழும் போவதால் காரலும் நெத்திலியும் தரையில் காய்வதைவிடச் சீக்கிரம் காயும். தளத்துக்கு மேல் மூங்கில் பிளாச்சை வளைத்து 20 செ.மீ. உயரத்தில் கூடுபோலக் கட்டி, அதன்மேல் 2 செ.மீ. கண் வலையால் மூடுங்கள்.

அந்த 20 செ.மீ.தான் முக்கியம். வலை மீனைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் பூனை கண் வழியே நகத்தை விட்டு ஒவ்வொன்றாக இழுத்துத் தின்னும். ஓரங்களை நாலு பக்கமும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் கொக்கி வைத்துத் திறக்கும்படி விடுங்கள். கருவாட்டைத் திருப்பிப்போட வருபவருக்கு முடிச்சு அவிழ்ப்பது எரிச்சல்; இரண்டாம் நாளே மூடாமல் போய்விடுவார்.

1 மீட்டர் உயரமே பூனையைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே அது ஒன்றரை மீட்டர் தாவும். தடுப்பது மூடிதான். கால்களில் தகரம் சுற்றினால் ஏறுவது குறையும், பக்கத்தில் தண்ணீர்த்தொட்டியோ மதிலோ இருந்தால் அதுவும் வீண்.

8. வாசலைத் திறப்பது

ஊசி, கருத்தடை, மணல் தட்டுப் பழக்கம் மூன்றும் முடிந்து, சோற்றுத் தட்டைத் தட்டினால் வீட்டின் எந்த மூலையிலிருந்தும் பூனை ஓடிவருகிறது என்றால் திறக்கலாம்.

முதல் நாள் மாலைச் சோற்றுக்குக் கால்மணி முன்பு திறங்கள். பசி இருக்கும்போது தட்டின் சத்தத்துக்குத் திரும்பும். பத்து நிமிடம் கழித்துத் தட்டுங்கள், வந்ததும் சோறு, கதவு அடைப்பு. ஒரு வாரம் இப்படி. அடுத்த வாரம் அரைமணி. வராத நாளில் மறுநாள் நேரத்தைக் குறையுங்கள். திட்டினால் அடுத்த தடவை வரவே யோசிக்கும்.

கருவாடு காயும் பகல் நேரத்திலும், ராத்திரியிலும், கிளம்புபவர்கள் போகும் விடிகாலையிலும் உள்ளேதான். வெளியே விட மிஞ்சுவது மாலையில் இரண்டு மணி நேரம். பூனைக்கு அது போதும்.

கழுத்துப்பட்டை பளிச்சென்ற நிறத்தில், இரண்டு விரல் நுழையும் தளர்வில் இருக்கட்டும். கம்பியிலோ வலையிலோ மாட்டினால் கழன்றுவிடும் வகை கட்டாயம். பட்டை இருந்தால் எது உங்கள் பூனை என்று தெருவுக்குத் தெரியும். தெருப்பூனை செய்வது உங்கள் தலையில் விழாது.

தூண்டில் நரம்பு வாயில் தொங்கிக்கொண்டு பூனை திரும்பி வரலாம். இழுத்துவிடாதீர்கள், உள்ளே முள் குத்தியிருக்கும். தொங்கும் நரம்பைக் கழுத்துப்பட்டையில் முடிந்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

9. அவர்கள் மணலில் போய்விட்டால்

மேலே தெரிவதை அள்ளினால் மட்டும் பூனை மறுபடி அங்கேயே போகும். வாடைதான் அதற்கு அடையாளம். 15 செ.மீ. ஆழம், ஒரு முறம் அகலத்துக்கு மணலை அள்ளி எடுத்துப் புது மணல் போடுங்கள். அந்த இடத்தில் மணலுக்கு 2 செ.மீ. கீழே கோழிவலைக் கம்பியைப் படுக்கவைத்து ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். பறிக்கும்போது நகம் தட்டினால் பூனை வேறிடம் பார்க்கும். தேங்காய் மட்டையைக் கவிழ்த்து நெருக்கி அடுக்கினாலும் சரி.

கருவேல முள் போடாதீர்கள், வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்துருண்டையும் வேண்டாம், பூனைக்கும் குழந்தைக்கும் விஷம். கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை அழகுக்கு அடுக்குவது சட்டப்படி குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. உடைந்த செங்கல் போதும்.

வலையில் மூத்திரம் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரைமணி ஊறவைத்து மறுபடி அலசிக் காயவைத்துக் கொடுங்கள். கடல் தண்ணீரில் முக்கி எடுத்தால் வாடை அப்படியே நிற்கும்.

10. புகார் வந்தால் பேசும் முறை

"எங்க பூன இல்ல" என்பதுதான் முதலில் வாயில் வரும். அதை விழுங்கிவிடுங்கள். வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லி, "எம்புட்டுப் போச்சுக்கா, சொல்லுங்க" என்று நீங்கள் முந்திக்கொண்டு கேட்டால் பாதிச் சூடு அங்கேயே இறங்கும். கீழக்கரைப் பக்கம் அக்காவுக்குப் பதில் லாத்தா, அண்ணனுக்குப் பதில் காக்கா. வயதில் சின்னவராக இருந்தாலும் வாங்க போங்கதான்.

அன்றைக்கே போய்ப் பாருங்கள், அன்றைக்கே கொடுங்கள். போனது அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு என்றால் அதே நெத்திலியாக அரைக்கிலோவோ அன்றைய சந்தை விலையோ. மறுநாள் என்றால் அளவு தெருவில் வளர்ந்துவிடும். பிறகு எப்படி நடந்தது என்று சேர்ந்து பாருங்கள்: மூடி திறந்திருந்ததா, வலை கிழிந்ததா, பூனை எந்த நேரத்தில் வந்தது. பழுதை நீங்களே சரிசெய்துவிட்டு வாருங்கள்.

யாராவது "மருந்து வச்சுருவேன்" என்றால் கோபத்தில் சொல்கிறார் என்று முதல் தடவை விடலாம். விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் சட்டத்தை எடுத்து வீசிய பிறகு அந்த வீட்டோடு பேச்சு இருக்காது. ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள், பூனையை அந்த வாரம் முழுக்க உள்ளே வையுங்கள்.

11. தடைக்காலமும் மழைக்காலமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். இறங்குதளத்தில் கழிவு தின்று கிடந்த பூனைகள் வீடு வீடாகக் கிளம்பும் காலம் இது. வீட்டுப் பூனையோடு சண்டை, தட்டுச் சோற்றுக்குப் போட்டி எல்லாம் இப்போதுதான். பங்குனியிலேயே கடைத் தீவனத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மீனைக் குறைத்துப் பழக்குங்கள். ஒரே நாளில் மாற்றினால் பூனை பட்டினி கிடக்கும், அல்லது கருவாட்டுப் பானையைத் தேடிப்போகும்.

ஐப்பசி மழையில் காய்ந்த மணல் கிடைக்காது. புரட்டாசிக்குள் இரண்டு சாக்கு சலித்துக் காயவைத்துக் கட்டி வையுங்கள், ஒரு பூனைக்கு இரண்டு மாதம் ஓடும். தட்டு நனைந்தால் பூனை அதில் போகாது. கூரையுள்ள திண்ணை எது என்று தேடும், அது உங்கள் திண்ணையாக இருக்காது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் மாலை இரண்டு மணி நேரமும் கிடையாது.

ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சும்மா "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நாளுக்கு ஒரு பொட்டலமாகத் தீவனத்தை எடைபோட்டுக் கட்டி, தட்டு மணலை எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதி, சாவியோடு கொடுங்கள். பொட்டலத்தை எண்ணினாலே எத்தனை நாள் பாக்கி என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வாருங்கள்.